நிற்பதற்கு முன்பே பார்த்தவர்: டி.வி. சுந்தரம் அய்யங்கார்



சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு நம் குடியிருப்பில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். வயதான ஒரு அம்மாவுக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறல். மகன் பார்க்கிங்குக்கு ஓடிவந்தார். அவருடையது பிளக்-இன் ஹைப்ரிட் கார். பெட்ரோல் டேங்க் முக்கால்வாசி நிறைந்திருந்தது. பெரிய பேட்டரியும் முந்தைய நாள்தான் முழுதாக சார்ஜ் ஆகியிருந்தது. ஆனாலும் கார் எழுந்திருக்கவில்லை. பட்டனை எத்தனை முறை அழுத்தியும் முன்திரையில் வெளிச்சம் வரவில்லை. கடைசியில் பக்கத்து பிளாக்கிலிருந்து ஒரு பழைய டீசல் கார்தான் அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நல்லவேளை, அம்மா மூன்றாம் நாள் நலமாக வீடு திரும்பிவிட்டார்.

மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்தபோது, கெட்டிருந்தது பெரிய பேட்டரியே அல்ல. எல்லாக் கார்களிலும் இருக்கும் 12 வோல்ட் சின்ன பேட்டரி. வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் ஒருமுறைகூடச் சோதித்ததில்லை. இரண்டு எரிபொருள் இருக்கிறதே, ஒன்று போனால் இன்னொன்று என்று நம்பியிருந்ததுதான் காரணம்.

அதன் பிறகு, ஹைப்ரிட் காரில் பேட்டரி எப்படி இருக்கிறது என்று பார்ப்பது பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். வெறும் பட்டியலாகத் தந்தால் படித்த மறுநாளே மறந்துபோகும். அதனால் ஒரு மனிதரின் வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்கிறோம். நம் பார்க்கிங்கில் அவருடைய பெயரின் மூன்று எழுத்துகளைச் சுமந்த ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. சில மின்சார ஸ்கூட்டர்களிலும் அதே மூன்று எழுத்துகள்தான். டி.வி.எஸ். என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதை அந்த வண்டியை ஓட்டும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

திருக்குறுங்குடியிலிருந்து மதுரைக்கு

திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் திருக்குறுங்குடி. நம்பி கோயிலால் பெயர்பெற்ற திவ்யதேசம். அங்கே 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி பிறந்தவர் சுந்தரம் அய்யங்கார். ஊரின் பெயர், வேங்கரம் என்ற பெயர், தன் பெயர் மூன்றின் முதலெழுத்துகளும் சேர்ந்ததுதான் டி.வி.எஸ்.

அவர் தொடக்கத்திலேயே தொழிலதிபராகிவிடவில்லை. முதலில் சட்டத் துறை, பிறகு ரயில்வே வேலை, அதன் பிறகு வங்கி. அந்தக் காலத்தில் படித்த குடும்பத்துப் பையனுக்கு இவை மூன்றுமே மரியாதையான பிழைப்பு. மாதம் பிறந்தால் சம்பளம், ஊரில் மதிப்பு. அதை விட்டுவிட்டு மோட்டார் வண்டித் தொழிலுக்கு வருவது என்றால், இன்று நல்ல அரசு வேலையை விட்டுவிட்டுப் போவது மாதிரிதான். வீட்டுப் பெரியவர்கள் யாரும் சுலபத்தில் தலையாட்டியிருக்க மாட்டார்கள்.

1911ஆம் ஆண்டு மதுரையில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1912இல், பேருந்து ஓட்ட ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது 35. தென்னாட்டில் மோட்டார் போக்குவரத்து என்ற தொழிலே அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்தது. ஊர்விட்டு ஊர் போக மாட்டுவண்டி, ஜட்கா, இல்லையென்றால் கால்நடை. ரயில் பாதை இருக்கும் ஊர்களுக்கு ரயில் உண்டு. மற்ற ஊர்களுக்கு வண்டிக்காரர் மனது வைத்தால்தான் பயணம்.

ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் பேருந்துத் தொழிலுக்கு வந்ததைக் கவனிக்க வேண்டும். ரயிலுக்கு நேர அட்டவணை உண்டு. பயணி வந்தாலும் வராவிட்டாலும், பெட்டி நிறைந்தாலும் நிறையாவிட்டாலும், மணி அடித்தால் கிளம்ப வேண்டும். அன்றைய மோட்டார் வண்டிகள் பெரும்பாலும் அப்படி ஓடவில்லை. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். வழியில் நின்றால் நின்றதுதான்.

கடிகாரம் பார்த்து ஓடிய வண்டி

டி.வி.எஸ். பேருந்துகளுக்கு மதுரைப் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்த பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்பார்கள். சற்று மிகையாகவும் இருக்கலாம். ஆனாலும் ஒரு பேருந்து நிறுவனத்தைப் பற்றி ஊரார் இப்படிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது சாதாரண விஷயம் இல்லை.

நேரத்துக்கு ஓட்டுவது என்பது ஓட்டுநர் வேகமாக ஓட்டுவது இல்லை. வண்டி வழியில் நிற்காமல் இருப்பதுதான். காலை ஆறு மணிக்கு ஒரு கிராமத்து ஆலமரத்தடியில் மூட்டையோடு நிற்பவருக்கு, ஆறு மணிக்கு வண்டி வரும் என்று சொல்லிவிட்டோம். அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டுமானால், கோளாறு வந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. ரேடியேட்டரில் தண்ணீர், டயரில் காற்று, பிரேக், விளக்கு, பேட்டரியில் அமிலத்தின் அடர்த்தி, எல்லாவற்றையும் வண்டி பணிமனையில் நிற்கும்போதே பார்த்தாக வேண்டும்.

அக்காலத்து ஈய-அமில பேட்டரியைச் சோதிப்பதற்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் போதும். ஹைட்ரோமீட்டர் என்பார்கள். பேட்டரியின் மூடியைத் திறந்து கொஞ்சம் அமிலத்தை உறிஞ்சினால், உள்ளே ஒரு மிதவை மிதக்கும். நன்றாக சார்ஜ் ஆன பேட்டரியில் மிதவை உயரமாக நிற்கும், அளவு 1.26 பக்கத்தில் காட்டும். வற்றிய பேட்டரியில் அது கீழே இறங்கிவிடும். ஆறு அறைகளில் ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், அந்த பேட்டரி விரைவில் கைவிடும் என்று பொருள். இன்றைய லித்தியம் பேட்டரிக்கும் இதே கதைதான். நூறு செல்லில் ஒன்று பலவீனமானால் மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்கு இழுக்கும். அளக்கும் கருவி மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை.

ஆணி பொறுக்கிய வண்டி

சுந்தரம் அய்யங்காரின் வாழ்க்கையில் நமக்கு மிகவும் பயன்படும் நிகழ்ச்சி இதுதான் என்று நினைக்கிறோம்.

அன்றைய சாலைகளில் மோட்டார் வண்டிகளைவிட மாட்டு வண்டிகளே அதிகம். மாடுகளின் குளம்பில் லாடம் அடித்திருப்பார்கள். நடக்க நடக்க லாட ஆணிகள் கழன்று சாலையில் விழும். பேருந்தின் டயரில் அவை ஏறினால் பஞ்சர். ஒரு பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்றி, டியூபை ஒட்டி, காற்றடித்து, மறுபடி மாட்டிக் கிளம்புவதற்குள் நேர அட்டவணை காற்றில் போய்விடும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? பஞ்சர் ஒட்டும் சாமான்களைக் கூடுதலாக எடுத்துப்போனார்கள். டி.வி.எஸ். நிறுவனம் என்ன செய்தது என்றால், காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட்டவிட்டது. சாலையில் கிடக்கும் ஆணிகளைக் காந்தம் இழுத்துக்கொண்டே போகும். பின்னால் வரும் பேருந்துக்கு வழி சுத்தம்.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சாலை அவருடையது அல்ல. ஆணி அவருடைய வண்டியிலிருந்து விழுந்ததும் அல்ல. அது என் வேலை இல்லை என்று விட்டிருக்கலாம். மாட்டுவண்டிக்காரர்களைக் குறைசொல்லிக் கொண்டும் இருந்திருக்கலாம். ஆனால் மரத்தடியில் நிற்கும் பயணிக்கு அந்தக் காரணம் எதற்கு? அவருக்கு வேண்டியது வண்டி. ஆகவே கோளாறு எங்கே தொடங்குகிறதோ அங்கேயே போய் அதைப் பொறுக்கி எடுத்தார்.

பெட்ரோல் இல்லாத நாட்கள்

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941இல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் கொண்டுவந்தார்கள். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது நிலைமை இன்னும் மோசமானது. அங்கிருந்த எண்ணெய்க் கிணறுகளிலிருந்துதான் நமக்குப் பெருமளவு எண்ணெய் வந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு மலாயாவும் சிங்கப்பூரும் விழுந்ததில் ரப்பர் வரத்தும் அடைபட்டது. பெட்ரோலும் இல்லை, டயரும் இல்லை. பேருந்துத் தொழிலுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

பஸ் நின்றுபோனால் நட்டம் முதலாளிக்கு மட்டும் இல்லை. சந்தைக்குப் போகும் காய்கறி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி, எல்லாமே நிற்கும். ரயில் தொடாத ஊர்களுக்கு அதுதான் ஒரே வழி.

அப்போது சுந்தரம் அய்யங்கார் கையிலெடுத்தது அடுப்புக்கரி. டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற பெயரில் கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் சாதனத்தை அவருடைய நிறுவனம் தயாரித்தது. பெரியவர்கள் சொல்லும் கரி பஸ் என்பது இந்த வகைச் சாதனம் பொருத்தியதுதான்.

அதன் வேலை இப்படி: வண்டியின் பின்புறம் ஒரு பெரிய இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டிப் பற்றவைப்பார்கள். காற்றைக் குறைவாக விட்டால் கரி முழுவதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகும். அந்த வாயு தானே எரியக்கூடியது. அதைக் குளிரவைத்து, வடிகட்டியில் சாம்பலையும் தூசியையும் நீக்கி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விட்டால் வண்டி ஓடும். உலகம் முழுவதும் அப்போது இதே கதைதான். பிரான்சில் ஜார்ஜ் இம்பேர் என்ற பொறியாளர் 1920களிலேயே விறகிலிருந்து வாயு எடுக்கும் சாதனத்தை உருவாக்கியிருந்தார். போர்க் காலத்தில் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகள் இந்த முறையில் ஓடின.

ஆனால் கரிவாயு பெட்ரோலுக்கு ஈடு இல்லை. அதில் பாதிக்குப் பாதி எரியாத நைட்ரஜன்தான். எஞ்சினின் பலம் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ குறைந்துவிடும். மேட்டில் ஏறும்போது வண்டி திணறும். பயணிகள் இறங்கி நடக்கவோ தள்ளவோ வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முன் காற்றாடியைக் கையால் சுற்றித் தீயை ஊதிவிட வேண்டும். பொதுவாக இத்தகைய வண்டிகளைக் கொஞ்சம் பெட்ரோலில் கிளப்பி, வாயு நன்றாக வந்த பிறகு வாயுவுக்கு மாற்றுவார்கள்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எதுவோ நினைவுக்கு வரும். ஒரே எஞ்சின், இரண்டு எரிபொருள். ஒன்றில் கிளம்பி இன்னொன்றுக்கு மாறுவது. நம் ஹைப்ரிட் காரைப் போலத்தான். வித்தியாசம், இன்று அந்த மாற்றத்தைக் கணினி செய்கிறது. அன்று ஓட்டுநரும் கிளீனரும் செய்தார்கள்.

இரண்டு எரிபொருள் இருந்ததால் கரி பஸ் நிற்கவே நிற்காது என்று யாரும் நம்பவில்லை. உண்மையில் அதற்குத்தான் மேற்பார்வை அதிகம் தேவைப்பட்டது. கரி ஈரமாக இருந்தால் வாயு வராது. வடிகட்டியில் சாம்பல் அடைத்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். தூசி உள்ளே போனால் எஞ்சினே தேய்ந்துவிடும். குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் அது உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தினமும் சாம்பலைத் தட்டி, வடிகட்டியைக் கழுவி, இணைப்புகளை இறுக்கி, கரியைச் சலித்துப் போட வேண்டும். பெட்ரோல் வண்டிக்கு வாரம் ஒருமுறை பார்த்தால் போதும் என்றால் கரி வண்டிக்கு அன்றாடம் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாக வண்டியைப் பணிமனையிலேயே பார்த்துப் பழகிய ஒரு நிறுவனத்துக்குத்தான் அது கைகூடும்.

டயர் விஷயத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டி மறுபடி ஓடவைக்கும் தொழிற்சாலையையும் அமைத்தார். இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. டயர் நூல் தெரியும்வரை ஓட்டிவிட்டால் அதன்மேல் ரப்பர் ஒட்ட முடியாது. சரியான நேரத்தில் கழற்ற வேண்டும். அதற்கும் அளந்து பார்க்கிற கண் வேண்டும்.

வீடும் தொழிலும்

சுந்தரம் அய்யங்காருக்கு ஐந்து மகன்கள், மூன்று மகள்கள். மகன்கள் தொழிலை விரித்தார்கள். சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் என்று கிளைகள் வளர்ந்தன. 1950களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் மிகப் பெரிய விநியோகஸ்தராக சுந்தரம் மோட்டார்ஸ் இருந்தது.

மகள்களில் ஒருவர் டாக்டர் சௌந்தரம். சிறு வயதிலேயே மணமாகி, இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அந்தக் காலத்தில் ஒரு வைதிகக் குடும்பத்தில் அதன் பொருள் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் முடங்கவில்லை. டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். பிறகு 1940இல் காந்தியடிகளின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். வீட்டில் முதலில் அதற்கு இசைவு இருக்கவில்லை. சாலையில் புதுமையை எளிதாக ஏற்ற குடும்பத்துக்கு வீட்டுக்குள் அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1947இல் அந்தத் தம்பதியர் சின்னாளபட்டி அருகே தொடங்கிய காந்திகிராமம் இன்று பல்கலைக்கழகமாக நிற்கிறது.

1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி கொடைக்கானலில் சுந்தரம் அய்யங்கார் காலமானார். வயது 78. அவர் தொடங்கிய பேருந்துகள் 1970களின் தொடக்கத்தில் நாட்டுடைமையாகி அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் சேர்ந்தன. ஆனால் அவர் பெயர் சாலையிலிருந்து போகவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்யும் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்துக்கு நம் புதுச்சேரியிலேயே தொழிற்சாலை இருக்கிறது. பேட்டரியை நம்பி எஞ்சினைக் கிளப்புவது ஸ்டார்ட்டர் மோட்டார். ஓடும் எஞ்சினிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் திருப்பித் தருவது ஆல்டர்னேட்டர்.

நம் பார்க்கிங்குக்கு வருவோம்

கனகசெட்டிக்குளத்திலிருந்து புதுச்சேரி நகரத்துக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். நல்ல நிலையில் இருக்கும் பிளக்-இன் ஹைப்ரிட் காரில் இந்தத் தூரம் பெரும்பாலும் மின்சாரத்திலேயே முடிந்துவிடும். பேட்டரி நலிந்தால் பாதி வழியில் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும். கார் நிற்காது, அதனால் நமக்குத் தெரியாது. இதுதான் ஹைப்ரிட்டில் இருக்கும் சிக்கல். மின்சாரக் காரில் பேட்டரி குறைந்தால் உடனே தெரியும். ஹைப்ரிட்டில் பெட்ரோல் அதை மூடிமறைத்துவிடும். ஆகவே நாமாகத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்று: சப்-மீட்டர். நம் சார்ஜிங் பாயிண்ட்டில் மின்கட்டணத்துக்காகப் பொருத்திய சப்-மீட்டரே பேட்டரிக்கு நல்ல ஹைட்ரோமீட்டர். மின்சாரத்தில் ஓடும் தூரம் பூஜ்யம் என்று கார் காட்டும்வரை ஓட்டிவிட்டு, அரை மணி நேரம் ஆறவிட்டு, நூறு சதவீதம்வரை ஒரே மூச்சில் சார்ஜ் செய்யுங்கள். முன்னும் பின்னும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்குக்குச் சொன்னால், புதிதாக இருந்தபோது 11.2 யூனிட் பிடித்த கார் மூன்று ஆண்டு கழித்து 9.5 யூனிட்தான் பிடிக்கிறது என்றால், பேட்டரி ஏறத்தாழ 15 சதவீதம் சுருங்கியிருக்கிறது. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும் என்பதால், இந்த எண்ணை கார் புத்தகத்தில் போட்ட எண்ணோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் காரின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். முடிந்தால் ஆண்டுதோறும் அதே மாதத்தில் செய்யுங்கள். மே மாத வெயிலும் மார்கழிக் குளிரும் ஒன்றல்ல.

இரண்டு: ஒரே பாதை. முழு சார்ஜில் நம் கேட்டிலிருந்து கிளம்பி, ஈ.சி.ஆர். சாலையில் ஒரே சீரான வேகத்தில், ஒரே ஏ.சி. அளவில் ஓட்டி, எஞ்சின் எந்தக் கிலோமீட்டரில் ஓடத் தொடங்குகிறது என்று குறியுங்கள். திரையில் காட்டும் மீதித் தூரத்தை நம்ப வேண்டாம். அது நீங்கள் கடைசியாக ஓட்டிய விதத்தைப் பார்த்துப் போடும் மதிப்பீடு. ஓடிய தூரம்தான் உண்மை.

மூன்று: சர்வீஸ் அறிக்கை. அடுத்த சர்வீஸில் பேட்டரியின் ஆரோக்கிய சதவீதத்தையும், செல்களுக்கு இடையே உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக நன்றாக இருக்கிறது என்றால் போதாது. பேட்டரி உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எந்த அளவுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பது உங்கள் வாரண்டி தாளில் இருக்கும். உத்தரவாதம் முடியும் முன்பே இந்த அறிக்கை கையில் இருக்க வேண்டும். பழைய ஹைப்ரிட் கார் வாங்குபவர்கள் இந்தத் தாள் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நான்கு: 12 வோல்ட் சின்ன பேட்டரி. அன்றிரவு காலை வாரியது இதுதான். காரின் கணினியை எழுப்புவதும், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சைப் போடுவதும் இதன் வேலை. இது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை. சாதாரண ஈய-அமில வகையாக இருந்தால், கார் சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு மல்ட்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போனால் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது. மூன்று நான்கு ஆண்டு ஆன பேட்டரியை மழைக்காலத்துக்கு முன் பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட் செய்துவிடுங்கள். சில நிமிட வேலை.

ஐந்து: எஞ்சின். மின்சாரத்திலேயே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் பெட்ரோல் டேங்கில் பழசாகிக்கொண்டிருப்பதை மறந்துவிடுகிறார்கள். மாதம் ஒருமுறையாவது எஞ்சின் நன்கு சூடாகும்வரை ஓட்டுங்கள். கரி பஸ்ஸில் இரண்டு எரிபொருளையும் பார்த்தது போல இங்கேயும் இரண்டையும் பார்க்க வேண்டும்.

பராமரிப்புக்கு இரண்டொரு வார்த்தை. வெப்பம்தான் லித்தியம் பேட்டரிக்குப் பெரிய எதிரி. நூறு சதவீதம் சார்ஜ் செய்து வெயிலில் நாட்கணக்கில் நிறுத்தாதீர்கள். ஊருக்குப் போனால் பாதி சார்ஜில் விட்டுப் போங்கள். சார்ஜிங் வாயின் மூடியை எப்போதும் மூடிவையுங்கள், நாம் இருப்பது உப்புக் காற்று வீசும் கடலோரம். ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் யாரும், வாட்ச்மேனோ டிரைவரோ கூட, தொடக் கூடாது. அவற்றில் ஓடுவது உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம். அதைப் பார்ப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

சங்கத்தின் ஏற்பாடு

சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஹைப்ரிட், மின்சார வண்டி வைத்திருப்பவர்கள் விருப்பம் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கள் சப்-மீட்டர் எண்ணையும், 12 வோல்ட் பேட்டரியின் அளவையும் அதில் எழுதலாம். வண்டி எண் வேண்டாம், வீட்டு எண் போதும். ஒரு மல்ட்டிமீட்டரும் மேஜையில் இருக்கும். பயன்படுத்தத் தெரியாதவர்களுக்கு நம் எலக்ட்ரீஷியன் ஞாயிறு காலையில் காட்டித் தருவார். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

அந்த நோட்டில் முதல் வரியை எழுதியவர் அன்றிரவு கார் கிளம்பாமல் நின்றவர்தான். புது பேட்டரி, 12.7 வோல்ட். பக்கத்தில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: பக்கத்து பிளாக் டீசல் காரின் பேட்டரியையும் தானே சோதித்துவிட்டாராம். அது 12.3 காட்டியது. அதையும் இந்த வாரம் மாற்றிவிட்டார்கள்.

இன்னொரு இரவு யாருக்கு எந்த வண்டி தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது. மழை தொடங்குவதற்கு முன் ஒருமுறை கீழே இறங்கி எல்லோரும் பார்த்துவிடுவோம்.